பச்சை நிறத்தில் ஒரு கோழிக்குஞ்சு

என் மகள் கோழிக்குஞ்சுக்குப் பச்சை வண்ணம் தீட்டினாள். அந்தக் குஞ்சு பச்சையாக இருந்ததால் தீட்டினாள். இதை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் இந்த இடத்திலேயே சிரித்துவிடுகிறார்கள். அதனால் மீதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அஜ்மானில் இருந்தோம். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு நாலு மாடிக் கட்டடம். கணவருக்கு ஷார்ஜாவில் டயர் கிடங்கில் கணக்கு வேலை. என் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஊரில் தாவரவியல் முதுகலை வரை படித்திருந்தேன். எங்கள் பாடத்தில் பாதி நேரம் வரைவதில் போகும். பூவை வெட்டி, லென்ஸில் பார்த்து, இருக்கிற மகரந்தத்தாளை மட்டும் வரைய வேண்டும். புத்தகத்தில் இருப்பதை வரைந்தால் எங்கள் பேராசிரியை பென்சிலை வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஹாலில் ஓவியம் சொல்லிக்கொடுத்தேன்.

விலங்குகள்தான் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் பசுவைப் பால்பவுடர் டின்னில்தான் பார்த்திருந்தார்கள். லீவில் ஊருக்குப் போனால் கல்யாண வீடு, கடைத்தெரு என்றே ஒரு மாதம் ஓடிவிடும். பசு வரையச் சொன்னால் டின்னில் இருக்கிற அதே பசு, அதே பக்கம் திரும்பி, அதே சிரிப்போடு வரும். ஆகவே உயிருள்ளது எது கிடைக்கிறதோ அதை வைத்து வரைய வைத்தேன். மார்க்கெட்டிலிருந்து நண்டு வந்தது. ஜன்னல் ஏசியின் மேல் கூடு கட்டிய புறா இருந்தது. கடைசியில் கோழிக்குஞ்சுகள் வந்தன.

ஷார்ஜா பறவைச் சந்தையில் சாயமேற்றிய குஞ்சுகளை விற்பார்கள். ரோஸ், நீலம், பச்சை, ஆரஞ்சு என்று கம்பிக் கூண்டில் ஒன்றின் மேல் ஒன்றாக மிட்டாய் கொட்டியது போல் கிடக்கும். வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோழிக்குஞ்சு என்றால் அதுதான். சாதாரண மஞ்சள் குஞ்சை அவர்களில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு என் கணவரும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து போய், பிள்ளைக்கு ஒன்றாக வாங்கி வந்தார்கள். என் மகளுக்குப் பச்சை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ரோஸ். இருவருக்கும் ஒன்பது வயது. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பஸ்.

எதிர்வீட்டம்மாவும் எங்கள் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர்தான். என்னைவிட மூத்தவர். நான் அவரை ராத்தா என்பேன். அவர் மகள் என்னைச் சாச்சி என்பாள்.

அடுத்த வியாழக்கிழமைக்குள் நீலமும் ஆரஞ்சும் செத்துவிட்டன. மிஞ்சியவற்றை ஆப்பிள் பெட்டியில் விட்டு, நடுவில் வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தேன். பள்ளியில் ஓவியப் போட்டி அறிவித்திருந்தார்கள். என் செல்லப் பிராணி என்பது தலைப்பு. வீட்டில் வரைந்து கொண்டுவரலாம். முதல் பரிசுப் படம் பள்ளிக் காலண்டரில் வரும்.

"வட்டம் போட்டு ஆரம்பிக்காதீங்க. குஞ்சு வட்டமா இல்ல. கழுத்தைப் பாருங்க, எங்க மடியுதுன்னு பாருங்க," என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்தேன். என் மகள் வெகுநேரம் பென்சிலைத் தொடவே இல்லை. அப்புறம் வரைந்தாள். முதுகில் அடர்ந்த பச்சை, வயிற்றுப் பக்கம் வெளிறி, அலகைச் சுற்றி சாயம் சரியாகப் பிடிக்காத இடத்தில் ஒரு திட்டு. பச்சையோடு கொஞ்சம் மஞ்சளும் துளி வெள்ளையும் கலந்து தானே அந்த நிறத்தைக் கொண்டுவந்தாள்.

எதிர்வீட்டுப் பெண் தன் ரோஸ் குஞ்சைப் பார்க்கவே இல்லை. மஞ்சளாக ஒரு குஞ்சு, பக்கத்தில் தாய்க்கோழி, பின்னால் வைக்கோல் போர், ஓலைக் குடிசை.

"உன் குஞ்சு என்ன கலரும்மா?"

"பிங்க், சாச்சி."

"அப்புறம்?"

"பிங்க் போட்டா பிரைஸ் தர மாட்டாங்க சாச்சி. புக்ல யெல்லோதான் இருக்கு."

என் மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஏய், நீ பொய் வரையற."

"நீ போடி. நீதான் லூசு."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரோஸ் குஞ்சு இரண்டு நாளில் செத்தது. ராத்தா அதைப் பாலிதீன் பையில் முடிந்து, மாடியிலிருந்து குப்பை தள்ளும் குழாயில் போட்டார். அவர் மகள் எட்டிப் பார்த்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பரிசு மஞ்சள் குஞ்சுக்கே கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. படம் சுத்தமாக இருந்தது. ஆனால் டிராயிங் சார் அதோடு விடவில்லை. பரிசுப் படத்தை வகுப்பில் ஒட்டிவிட்டு, என் மகளின் படத்தை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

"இது என்ன? கிளியா, கோழியா? யாராவது கிரீன் சிக் பார்த்திருக்கீங்களா? கையைத் தூக்குங்க."

யாரும் கை தூக்கவில்லை. அந்த வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் குஞ்சுகள் வந்து செத்திருக்கும். என் மகள் எழுந்து, "சார், அவகிட்ட கேளுங்க. அவளோடது பிங்க்," என்று எதிர்வீட்டுப் பெண்ணைக் காட்டியிருக்கிறாள்.

"உங்க வீட்ல பிங்க் சிக் இருக்கா?"

"நோ சார். எங்க வீட்ல சிக்கே இல்ல."

அன்று அது உண்மைதான்.

பஸ்ஸில் அன்றே பெயர் வைத்துவிட்டார்கள். சட்னி. புதினா சட்னியின் பச்சை. "ஏய் சட்னி, உங்க வீட்டு மாடு என்ன கலர்? ப்ளூவா?" "சட்னி, உங்க வாப்பா என்ன கலர்?" எங்கள் கட்டடத்தில் இறங்கும் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். மாடிப்படியில் ஏறி வரும்போதே எனக்குக் கேட்கும்.

மகள் அழவில்லை. அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. "உம்மா, குஞ்சை ஸ்கூலுக்குக் கொண்டு போறேன். சார் பார்த்தார்னா முடிஞ்சிச்சு. கலாஸ்."

அவளுக்கு இது மிக எளிய விஷயமாக இருந்தது. அவர்களுக்குத் தெரியாது, காட்டினால் தெரிந்துவிடும். ஆனால் பள்ளி பஸ்ஸில் உயிருள்ளதை ஏற்ற மாட்டார்கள். அவள் வாப்பா, "ஒரு கோழிக்குஞ்சுக்காக ஸ்கூல்ல வம்பா? வேணாம்," என்று சொல்லிவிட்டார். நான் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அவளைக் குஞ்சோடு அனுப்புவதற்குப் பதில் நான் எதிர்வீட்டுக்குப் போனேன்.

ராத்தா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். காலண்டரில் மகளின் படம் வரப்போகிற செய்தி அதற்குள் ஊர் வரைக்கும் போயிருந்தது.

"ராத்தா, பிள்ளையைக் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க. அன்னைக்கு ரோஸ் குஞ்சு இருந்துச்சு, இப்ப செத்துப்போச்சுன்னு. அவ்வளவுதான். பரிசை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

"ரோஸ் இருந்துச்சுன்னு சொன்னா, அப்ப ஏன் மஞ்சளா வரைஞ்சேன்னு கேப்பாங்கல்ல?"

"கேட்டா என்ன?"

"என்னவா? நீ படிச்சவ. உனக்கு நான் சொல்லணுமா?" அவர் கத்தியை நிறுத்தவில்லை. "உன் பிள்ளைய மஞ்சளா வரைய வச்சிருக்கலாம்ல. சின்னப் பிள்ளைங்க விளையாட்டுக்குப் பேர் வைக்கிறது. நாலு நாள்ல மறந்துருவாங்க. என்னை ஊர்ல 'மூக்கி'ன்னு கூப்பிட்டாங்க. செத்தா போயிட்டேன்?"

வாசல் வரை வந்து, ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

குஞ்சு வளர்ந்தது. வாங்கிய அன்று உடம்பு முழுக்க இருந்த பஞ்சு உதிர்ந்து, இறக்கை நுனியில் வெள்ளையாக இறகு முளைத்தது. பிறகு வால். பிறகு தோளில் ஒரு பட்டை. மகள் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். மற்ற பிள்ளைகள் தாங்கள் வளர்ப்பது வளர்ந்தால் சந்தோஷப்படுவார்கள். இவள் பயந்தாள்.

"உம்மா, தலை மட்டும்தான் பச்சையா இருக்கு. சீக்கிரம் கொண்டு போகணும்."

"செவ்வாய்க்கிழமைதானே உங்களுக்கு டிராயிங் பீரியட்? சாருக்கு நான் முதல்ல லெட்டர் தர்றேன். அப்புறம் கொண்டு போலாம்."

"அதுக்குள்ள வெள்ளையாயிரும் உம்மா. அப்புறம் நான் பொய்யாயிருவேன்."

நான் கடிதத்தை ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதி, திருத்தி, மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். அவள் காத்திருக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் சமையலறையில் இருந்தபோது பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, போட்டியிலிருந்து திரும்பி வந்த தன் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் போஸ்டர் கலரைக் கலந்து, குஞ்சின் முதுகு, வால், தோள், இறக்கை எல்லாவற்றிலும் பூசியிருக்கிறாள். முதுகுக்கு அடர்ந்த பச்சை, வயிற்றுக்கு வெளிறிய பச்சை. அலகைச் சுற்றி அந்தத் திட்டைக்கூட விட்டிருக்கிறாள். பிறகு ஈரத்தோடு டிபன் கூடையில் வைத்து, மேலே டவலைப் போட்டு, பஸ் ஏறிவிட்டாள்.

பத்து மணிக்கு மேல் பள்ளியிலிருந்து போன் வந்தது. டாக்ஸி பிடித்துப் போனேன். ஓவிய அறையில் டிராயிங் சார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், கனிவான முகம். மேசையில் விரித்த செய்தித்தாளில் குஞ்சு நடுங்கியபடி கிடந்தது. உடம்பெல்லாம் ஈரம். இறகுகள் ஒட்டி, தோல் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பச்சைக் கைக்குட்டை. அது வெள்ளைக் கைக்குட்டை என்பது ஓரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஏசி காற்று நேராக மேசை மேல் அடித்தது. என் மகள் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"பெயிண்ட் அடிச்சுக் கொண்டு வந்திருக்கா மேடம்," என்றார். "பச்சைக் கோழின்னு காட்டறா. நான் கர்ச்சீப்பை நனைச்சுத் துடைச்சேன், எல்லாம் வந்துருச்சு. கிளாஸே சிரிச்சு உருண்டுருச்சு."

வகுப்பின் முன்னாலேயே துடைத்திருக்கிறார். ஒவ்வொரு துடைப்புக்கும் பிள்ளைகள் "சட்னி, சட்னி" என்று மேசையைத் தட்டியிருக்கிறார்கள்.

மகளை வெளியே வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை, சாயம், முளைத்த இறகு, எதிர்வீட்டு ரோஸ் குஞ்சு. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியும் மேடம்," என்றார். "என் பையன்கூட ஒரு ப்ளூ வச்சிருந்தான். மூணு நாள்ல போயிருச்சு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "தெரியுமா? அப்ப ஏன் சார் அன்னைக்குக் கிளாஸ்ல..."

"வெளியிலேருந்து வந்த ஜட்ஜுங்க அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க. நல்லா வரைஞ்சிருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுது. ஆனா பச்சைக் கோழியைக் காலண்டர்ல போட முடியுமா? அப்புறம் கிளாஸ்ல காட்டினேன். பசங்க சிரிச்சாங்க. கொஞ்சம் கலகலன்னு இருந்துச்சு. விட்டுட்டேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு அது பெயிண்ட்தானே மேடம்? நான் ஒண்ணும் பொய் சொல்லலையே."

கோபமே இல்லாமல் சொன்னார். மணி அடித்தது. அடுத்த வகுப்புக்கு அவர் எழுந்தார். செய்தித்தாளோடு குஞ்சை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஈரமா இருக்கு, டவல்ல சுத்திக் கொண்டு போங்க," என்றார்.

டாக்ஸியில் ஏசியை நிறுத்தச் சொன்னேன். மகள் குஞ்சை டவலில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வாயால் ஊதிச் சூடு காட்டிக்கொண்டே வந்தாள். அஜ்மானுக்குள் நுழையும்போது ஊதுவதை நிறுத்தினாள். குனிந்து பார்த்தேன். குஞ்சின் கண் பாதி மூடியிருந்தது. கழுத்து அவள் மணிக்கட்டில் மடிந்து கிடந்தது.

"சார்கிட்ட சொன்னியா உம்மா?"

"சொன்னேன்."

"நம்பினாரா?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருஷமாக விதவிதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் சரியாக வரவில்லை. அன்று உண்மையைத்தான் சொன்னேன். சாருக்கு முதலிலிருந்தே தெரியும், அவர் வீட்டிலும் ஒரு நீலக் குஞ்சு இருந்தது என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டடத்துக்கு முன்னால் வண்டி நின்றது. நான் காசு கொடுத்துவிட்டு இறங்கி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் இறங்கவில்லை. டவலைப் பிரித்துக் குஞ்சின் தலையைத் தொட்டாள். அங்கே மட்டும் துடைத்த பிறகும் போகாத சந்தைச் சாயம், பழைய பச்சை, கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

"அவளுக்குத் தெரியும். சாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்," என்றாள். "அப்ப நான் ஏன் உம்மா இதுக்குப் பெயிண்ட் அடிச்சேன்?"