வால்வுக்கு அங்கால்

டொரன்டோ நகர நடுவில் நான் பராமரிக்கும் பழைய கட்டடத்துக்கு நகரத்தின் நீராவிக் குழாய்தான் வெப்பம் தருகிறது. ஒரு மாசி மாதக் காலை, நிலவறையில் சீறல் கேட்டதும் அந்தக் குழாய்க்குப் பொறுப்பான நீராவிச் சபைக்கு அறிவித்தேன்.

நரைத்த மீசையோடு ஒரு தமிழர் வந்தார். கொதிநீராவி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தசையை அறுத்துவிடும். அதனால், கசிவை முதலில் துடைப்பத்தின் தும்பு சந்திக்கட்டும் என்று, தும்புத்தடி ஒன்றை முன்னால் நீட்டி அசைத்தபடியே நடந்தார். பெரிய வால்வடியில் நின்றுவிட்டார். சீறல் அதற்கு அப்பால்.

“உதுக்கு அங்கால எங்கட குழாய் இல்லை, உங்கட கட்டடத்தின்ர, தம்பி. சட்டத்தில வரைவிலக்கணம் அப்பிடி. கால் வைச்சனெண்டால் வேலை போயிடும்.”

“பெரிய வால்வைப் பூட்டுங்கோவன், அண்ணை.”

“முழுக் கட்டடமும் விறைச்சுப்போகும். அங்கால இருக்கிற சின்னதைப் பூட்டினால் போதும்.” தடியை என்னிடம் நீட்டினார்.

தடியை அசைத்தபடி வால்வைத் தாண்டி நடந்தேன். திடீரென்று தடியின் நுனியில் தும்பு அறுந்து பறந்தது. நான் அசையாமல் நின்றேன். யாரோ கொலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

திரும்பினால், அவர். வெளிறிய முகத்தோடு தன் சப்பாத்துக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை வால்வைத் தாண்டி எங்கள் கட்டடக் குழாயின் பக்கத்தில் நின்றன. விறுக்கென்று திரும்பிப்போய்ப் பெரிய வால்வையே பூட்டினார்.

“நான் அங்கால வரேல்லை, என்ன?” என்று மெல்லக் கேட்டார்.

“ஓம் அண்ணை, வரேல்லை.”

ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டு அப்படிப் பயந்த மனிதரை நான் பிறகு கண்டதில்லை.