செத்தவர் பையில் ஒரு டோக்கன்

குற்றக்கதை எழுதுகிறவளுக்கு நம்பகமான முதல் வாசகி ஒருத்தி வேண்டும். எனக்கு என் அறைத்தோழி இருந்தாள். பெங்களூரு ஹெப்பகோடியில் ஒரே பி.ஜி. விடுதி, ஒரே அறை, ஒரே கம்பெனி. நான் எழுதியதைக் கட்டிலில் குப்புறப் படுத்துப் படிப்பாள். மூன்றாம் பக்கத்திலேயே, "தம்பிக்காரன்தானே கொன்னான்? போடி, வேற ஆளைப் பிடி" என்பாள். நானும் வேறு ஆளைப் பிடிப்பேன். அப்படித்தான் எழுதப் பழகினேன்.

போன வருடம் மல்லேஸ்வரத்து வாசகர் வட்டம் ஒன்று குற்றச் சிறுகதைப் போட்டி அறிவித்தது. பரபரவென்று ஒரே வாரத்தில் எழுதினேன். பூங்கா பெஞ்சில் ஒருவர் இறந்து கிடக்கிறார். சட்டைப்பையில் மெட்ரோ டோக்கன். அதைப் பிடித்துக்கொண்டு போலீஸ் கிளம்புகிறது. முதல்முறையாக அவளால் கொலைகாரனைச் சொல்ல முடியவில்லை.

"இது ஜெயிக்கும்டி."

"நீயும் ஒண்ணு எழுதி அனுப்பேன்."

"எனக்கு எங்கடி அதெல்லாம் வருது."

கதையை அனுப்ப இருந்த வாரம் தர்மபுரியிலிருந்து அம்மா வந்தார். அவருக்காக டோக்கன் வாங்கினேன். நானும் தோழியும் ஃபோனைக் காட்டியே மெட்ரோவில் போய்வருகிறவர்கள். டோக்கனைத் தொட்டதுகூட இல்லை. வெளியேறும் கதவில் அம்மா அதைப் போட்டார். இயந்திரம் விழுங்கிக்கொண்டது.

"ஏண்டி, திருப்பித் தராதா?"

"தராதும்மா" என்று சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. டோக்கனைப் போடாமல் யாரும் வெளியே வர முடியாதென்றால், பூங்காவில் செத்தவர் பையில் அது எப்படி இருக்கும்? அன்றைக்கே அதைப் பஸ் டிக்கெட்டாக மாற்றி அனுப்பினேன். தோழியிடம் மூச்சுவிடவில்லை. ஒரு மாதத்துக்குக் கிண்டலடிப்பாளே.

பரிசளிப்பு விழா ஞாயிறு காலை. முடிவை மேடையில்தான் அறிவிப்பார்களாம். துணைக்கு அவளும் வந்தாள், பட்டுப்புடவையில்.

"பரிசு எனக்கா உனக்கா?" என்று ரயிலில் சீண்டினேன். ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள்.

நடுவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நம் கூட்டங்களின் வழக்கம் தெரியுமே. பரிசுக்கதையை முழுக்கச் சொல்லி, கொலைகாரனையும் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் எழுதியவர் பெயருக்கு வருவார்கள். அவரும் தொடங்கினார். "பூங்காவுல ஒரு பெஞ்சு. பெஞ்சுல ஒரு பிணம்." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "சட்டைப்பையில ஒரு மெட்ரோ டோக்கன்."

நான் அனுப்பிய கதையில் டோக்கன் இல்லை.

"இதே சாயல்ல இன்னொரு கதையும் வந்துது. அதுல பஸ் டிக்கெட். பாத்து எழுதினதுன்னு படிச்சதுமே தெரிஞ்சுது. ஒதுக்கிட்டோம்."

பரிசுக்குரிய பெயரைச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் பட்டு சரசரத்தது.

கையில் ஃபோன் இருந்தது. அதில் என் பழைய வரைவு, நான் அவளுக்கு அனுப்பிய தேதியோடு. எழுந்து காட்டியிருக்கலாம். அவள் மைக்கைப் பிடித்து, "என் தோழி இல்லைன்னா இந்தக் கதையே இல்லை" என்று என் பக்கம் கைநீட்டினாள். அரங்கமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. நானும் தட்டினேன். அவள் செய்ததைவிட அதுதான் இன்னும் ஆறவில்லை.

திரும்பும்போது கவுண்டரில் இரண்டு டோக்கன் வாங்கி ஒன்றை அவளிடம் கொடுத்தேன்.

"எதுக்குடி? ஃபோன்லயே போலாமே."

என் டோக்கனைக் கதவில் தொட்டு உள்ளே போனேன். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். "உங்கிட்ட சொல்லணும்னுதான்டி இருந்தேன். நீ அடுத்தடுத்து எழுதிடுவே. எனக்கு இது ஒண்ணுதான்."

ஹெப்பகோடியில் என் டோக்கனைப் போட்டு வெளியே வந்தேன். அவளும் போட்டாள். கதவு திறந்தது. இந்தப் பக்கம் வந்து, உள்ளங்கையை இயந்திரத்தின் அருகே வைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

"அது திருப்பித் தராது" என்றேன்.

இயந்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த கேடயத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தாள். மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடிக்கிறவள், விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதமே வேறு பி.ஜி. பார்த்துக்கொண்டேன். புதிய கதையை யாரிடமும் காட்டாமல் எழுதுகிறேன். இன்னும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை.