நெருப்பில் காய்ச்சிய சிந்தசைசர்

வாத்தியம் வாசிக்கிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், விற்கிறவனுக்குக் கமிஷன் கிடைக்கும், சோதித்துப் பார்த்துச் சொல்கிறவனுக்கு இரண்டு பேரிடமும் திட்டுதான் கிடைக்கும். "இதை வாங்கலாமா?" என்று யாரோ கேட்க, நீங்கள் வாயைத் திறந்து பதில் சொல்லி, அப்புறம் மூன்று வருடம் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டாமல் இருந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் ஆள்தான், மேலே படியுங்கள்.

யானைக்கவுனியில் ஒரு வாத்தியக் கடையில் எனக்கு வேலை. புதுப் பொருள் வந்தால் ஒன்றை மட்டும் என் கையில் கொடுப்பார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மெட்டுப் போட்டு வாசிக்கிறவர்களின் வீடுகளுக்கு அதைக் கொண்டுபோய் வாசிக்கவிட்டு, ஒரு வாரத்தில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் முதலாளி சரக்கு எடுப்பார்.

இந்தப் புரட்டாசியில் வந்தது ஒரு அனலாக் சிந்தசைசர். டிபன் கேரியர் பையில் அடங்கிவிடும். பேட்டரியில் ஓடும். விலையும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுகிற விலைதான். சாதாரணக் கீபோர்டில் பியானோ, புல்லாங்குழல் என்று எல்லாம் உள்ளே பதிந்து கிடக்கும். இதில் எதுவும் கிடையாது. மின்சாரத்தையே அதிரவைத்து, குமிழ்களைத் திருகித் திருகி, சத்தத்தை நாமே செய்துகொள்ள வேண்டும். முதல் தடவை ஆன் செய்து ஒரு கட்டையை அழுத்தினேன். கடைக் கண்ணாடி அலமாரி நடுங்கியது, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்தாறு குமிழ்! சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

ஆனால் இந்தத் தடவை என் ஒரு பக்கத்துக்காக முதலாளியை விட ஆவலாகக் காத்திருந்தது எர்ணாவூர் கலா. ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் வேலை, வீட்டுக்கு வந்தால் செல்போனில் சொந்தமாகப் பாட்டுப் போடுவது என்று இருக்கிற பெண். வரப்போகிற தீபாவளி போனஸில் ஒன்று இதை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்குப் போய்வர ஒரு பழைய ஸ்கூட்டர். இரண்டுக்கும் காணாது. நான் சொல்கிறபடி செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு மனிதனைத் தூங்கவிடாமல் செய்ய இது போதும்.

மூன்று விரல்

முதலில் ராயபுரம். கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிக்கிற பெரியவர், பெயர் தாமஸ். பெட்டியை மடியில் வைத்து, கண்ணை மூடி, மூன்று விரலால் மூன்று சுரம் சேர்த்து ஒரு கார்டு பிடித்தார். ஒரு சுரம்தான் வந்தது. விரலை மாற்றிப் பார்த்தார், அப்போதும் ஒன்றுதான். கட்டைகள் செத்துவிட்டன என்று நினைத்து, பெட்டியைக் கவிழ்த்து இரண்டு தட்டும் தட்டினார்.

இந்த வகையில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும், அதுதான் இதன் பிறவிக்குணம் என்று விளக்கினேன். தாளம் போடுகிற பட்டன் எங்கே என்றார். அதுவும் இல்லை என்றேன். பெட்டியை மெதுவாக என் மடிக்கு மாற்றினார்.

"மூணு பேரு போய் நின்னா ஒருத்தனுக்குத்தான் பதில் சொல்லுது. இத்த வாங்கறதுக்கு நான் ரேஷன் கடைக்கே போயிக்கிறேன்."

டீசலில் தண்ணி

அடுத்த நாள் காசிமேடு. விசைப்படகு இன்ஜின் பார்க்கிற தேசப்பன் வீட்டில் ஒரு மைக்கும் இரண்டு ஸ்பீக்கரும் வைத்து கானா பதிவு செய்கிறவர். கிரீஸ் போகாத விரலால் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான் எதுவும் சொல்லித் தரவில்லை. ஒரு குமிழைக் குறைத்தால் சத்தம் கூர்மை மழுங்கி மூடிக்கொள்ளும், கூட்டினால் திறக்கும். அதை முழுக்க மூடிவிட்டுத் தாழ்ந்த கட்டையை அழுத்தினார். பெட்டி அடைத்துக்கொண்டு இருமியது.

தேசப்பன் எழுந்து நின்றுவிட்டார். ஒரு கையால் கட்டையை அழுத்திக்கொண்டு மறு கையால் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். கரை விட்டுக் கிளம்புகிற படகு அந்தச் சின்ன அறைக்குள் உயிரோடு வந்தது. அவர் மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அங்கேயே நோட்டை எடுத்துப் பத்துக்குப் பத்து போட்டேன். தேசப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை, பெட்டியிடம்தான் பேசினார்.

"டீசல்ல தண்ணி பூந்துக்குது நைனா, அவ்ளோதான். இரு, தொறக்கறேன், மூச்சு வரும்."

தட்டு ஆடுகிற வீடு

மூன்றாவது கலா வீடு. எர்ணாவூர்க் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அவள் கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். ஒரு மணி நேரத்தில் தன் பாட்டுக்கு ஒரு அடிநாதம் செய்துவிட்டாள். அது சுவர் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு அலமாரித் தட்டுகளை ஆட்டிவிட்டது. அந்த வீட்டு வசந்தா அக்கா வாசலில் வந்து நின்றார். சண்டைதான் என்று நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கத் தயாரானேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்.

"கண்டெய்னர் லாரி போனாலும் எங்கூட்ல தட்டு ஆடுது, அதுல பாட்டு இல்ல. இதுல கீது. நீ போடு."

என் தீர்ப்பு

அந்த மத்தியானமே கரண்ட் போனது. மின்விசிறி நின்று வீடு வெந்தது. பெட்டியின் சுருதி மெல்ல மேலே ஏறியது. செல்போனில் சுருதி பார்க்கிற ஆப்பை வைத்துச் சரிசெய்தேன், மறுபடி நகர்ந்தது. அனலாக் பொருள் சூட்டுக்கு அசையும் என்று தெரியும், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு இது ஆடியே தீர்ந்தது. ஆசையாக இருந்த பெண்ணிடம் சொல்ல எனக்கு நிஜமாகவே வலித்தது. ஆனாலும் சொன்னேன். நோட்டில் "சுருதி நிற்கவில்லை, வேண்டாம்" என்று எழுதிக் கோடும் போட்டேன்.

கலா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை ஆஃப் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் ஒரு படிப்பகத் திறப்பு விழாவில் அவளுக்கு முதல் மேடை. அண்ணன் குமாரும் அவர் தோழர்களும் பறை அடிக்க, அவள் பாட வேண்டும். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஸ்கூட்டரே வாங்கிக்கறேண்ணா. அந்த ஒரு நாளைக்கு மட்டும் இத்த உட்டுட்டுப் போ."

காய்ச்சின பொருள்

விட்டுவிட்டுப் போனேன். போகும்போது பெரிய மேதாவி மாதிரி, வாசிக்கிறதுக்குப் பத்து நிமிடம் முன்னால் சூடாகட்டும், அப்புறம் சுருதி சேர்க்கணும் என்று சொன்னேன். ஆன் செய்து வைத்தால் தானாகச் சூடாகும் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கலா அதை அப்படியே அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். பறை அடிக்கிறவர்கள் வாசிப்பதற்கு முன் தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்சுவார்கள், அப்போதுதான் சத்தம் கணீரென்று வரும். குமாருக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மேடைக்குப் பின்னால் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. சுற்றி நாலு பறை, ஐந்தாவதாகச் சாக்கின் மேல் என் சிந்தசைசர். பாய்ந்து எடுத்தேன், கை சுட்டது. முதல் கட்டை ஓரத்தில் உருகி வளைந்திருந்தது. ஆன் செய்தேன், உயிர் இருந்தது, ஆனால் சுருதி எங்கேயோ உயரத்தில் நின்றது. ஆப்பின் முள் ஓடிக்கொண்டே இருந்தது. மைக்கில் கலா பெயரைக் கூப்பிட்டார்கள். பெட்டி வேண்டாம், வெறும் பறையோடு பாடு என்றேன்.

குமார் தன் பறையைத் தோழரிடம் கொடுத்துவிட்டு, பெட்டி பக்கத்தில் மேடையில் உட்கார்ந்தார். சுருதிக் குமிழில் ஒரு கை. கலா வாசித்துக்கொண்டே பாடினாள். பெட்டி ஆற ஆற, சுருதி இறங்க இறங்க, அவர் காதாலேயே கேட்டு இம்மி இம்மியாக ஏற்றினார். சில இடங்களில் சுரம் அவள் குரலோடு சேர்ந்தே வளைந்து வந்தது. இருபத்தாறு குமிழை வைத்து நான் ஒரு வாரமாகச் செய்யாத சத்தம் அது! கூட்டம் எழுந்துவிட்டது, நானும் கத்தினேன்.

கீழே இறங்கியதும், சுருதி நிற்காத பெட்டி என்று நோட்டில் எழுதிவிட்டதை அவரிடம் சொன்னேன். குமார் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"எந்த வாத்தியம் மாமு ஒரு தபா சேத்தா பொழுதுக்கும் நிக்குது? எங்க பறை பாட்டுக்குப் பாட்டு நெருப்பு கேக்குது. இது ஒரு விரல்தான கேக்குது."

வளைந்த கட்டை

திங்கட்கிழமை வேறொரு பக்கம் எழுதினேன். கூடச் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு நல்ல பொருள், காது வேண்டும், நெருப்பு வேண்டாம் என்று. முதலாளி சரக்கு எடுத்தார். போனஸ் வந்த அன்றே கலா ஷேர் ஆட்டோவில் கடைக்கு வந்தாள். பிரிக்காத புதுப் பெட்டியை எடுத்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. அலமாரி மேலே வளைந்த கட்டையோடு கிடந்ததைக் காட்டினாள்.

"அதக் குடுண்ணா. நம்ம ஊர் சூடு இன்னான்னு அதுக்குத்தான் தெரியும்."

பத்து வருடமாக வாத்தியங்களுக்கு மார்க் போட்டுவந்த எனக்கு அன்று வியாசர்பாடியில் குமார் மார்க் போட்டுவிட்டார், எவ்வளவு என்று மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.