தயிரில் கலந்த தூள்

எங்கள் ஊரில் மருந்து என்றால் இரண்டு. ஒன்று நோய் வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் தருவது. மற்றது, புருஷனைத் தன் சொல்லுக்கு ஆட்டிவைக்கப் பெண்சாதி சாப்பாட்டில் ஒளித்துப் போடுவது. நான் கொடுத்தது முதலாவது. எனக்குக் கிடைத்த பெயர் இரண்டாவதற்கு.

என் புருஷனுக்குக் கசம், அதுதான் சயரோகம், என்று டாக்குத்தர் சொன்னபோது எங்களுக்குக் கலியாணமாகி அதிக காலமில்லை. அவர் துறைமுகத்தில் கிளாக்கர். ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீடு, பக்கத்து ஒழுங்கையில் அவருடைய அக்கா. அக்காவின் மகளுக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமனுக்குக் கசம் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அக்காவுக்குக்கூட மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். பைத்தியக்காரி, நானும் செய்து கொடுத்தேன்.

அந்த ஆஸ்பத்திரித் தூள் இருக்கிறதே, சனியன், நாக்கில் பட்டாலே குடலைப் பிரட்டும். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன், வாந்தி. தேனில் குழைத்தேன், அதுவும் வாந்தி. ஆள் தேய்ந்துகொண்டே வந்தார். கடைசியில் கிண்ணியாப் பக்கமிருந்து வரும் எருமைத் தயிர்தான் கைகொடுத்தது. கெட்டித் தயிரில் தூளைக் கலந்து, மேலே பனங்கட்டியைச் சீவிப் போட்டுக் கொடுத்தேன். வயிற்றில் தங்கியது. அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

ஒருநாள் குசினியில் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய அக்கா, என் மச்சாள், பின்வாசலால் வந்துவிட்டார். கோப்பையையும் பார்த்தார், என் கையில் தூள் மடித்திருந்த கடதாசிச் சரையையும் பார்த்தார்.

"தம்பிக்கு மருந்து போடுறியோ?"

எந்த மருந்தைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. சளிக்கு என்று சமாளித்தேன். சளிக்கென்றால் ஏன் தயிரில் ஒளிக்கிறாய் என்று கேட்டார். நான் கூடத்தில் இருந்த அவரைப் பார்த்தேன். அவர் வாசித்த பேப்பரை மடித்து வைத்தார்.

"எனக்குத் தெரியாது அக்கா. தயிர் எண்டுதான் சாப்பிட்டனான்."

மச்சாள் கோப்பையைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டுத் தம்பியைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். அவரும் போனார். ஒழுங்கை முழுக்கக் கதை பரவியது. அங்கே தூளும் இல்லை, தயிரும் இல்லை. இருமல் கூடியதும் தானாகத் திரும்பி வந்து, தயிர் கிடக்குதோ என்று கேட்டார். நான் கலந்து கொடுத்தேன். வேறென்ன செய்ய? மருந்து நல்லாய் வேலை செய்கிறது, ஆள் ஓடி வந்துவிட்டான் என்று சனம் சிரித்தது.

கலியாணம் முடியட்டும், அக்காவிடம் நானே சொல்கிறேன் என்றார். கலியாணம் நடந்தது. அவரும் சுகமாகி வேலைக்குப் போகத் தொடங்கினார். நான் ஞாபகப்படுத்தினேன்.

"இனிப் போய்ச் சொன்னால் அக்கா என்னைப் பற்றி என்ன நினைப்பா? விடும்."

அவர் பிழைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அக்காவிடம் அவர் சொல்லவேண்டியிருந்த அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருஷம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சாள் சாகும்வரை என் கையால் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லை.