சிவப்பு அம்பு

எனக்கு அப்டேட் என்றாலே ஆகாது. ஆபீஸ் கம்ப்யூட்டரின் மூலையில் அது எட்டிப் பார்த்ததும் என் முகம் போகிற போக்கைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரி சிரிப்பாள். நான் பார்க்கிற வேலையோ, அதே அப்டேட்டால் அவதிப்பட்டவர்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தது, நீங்கள் புதுசு பண்ணியதும் பக்கமே திறக்கவில்லை என்று ஒருவர் எழுதுவார். மூன்று அப்டேட் வந்துவிட்டது, நான் சொன்ன கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது என்று இன்னொருவர் திட்டுவார். சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எல்லாருக்கும் எழுதுவேன். என்னத்த வருந்தி என்ன? அந்த வரியை அடிக்கும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வந்துவிடும்.

அப்போது எனக்குப் பத்து வயது. சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. அம்மா அதே கம்பெனியில் வெடிக்குத் திரி வைப்பாள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு கம்பெனியைத்தான் சொல்வார்கள். அக்கா மட்டும் கம்பெனி கேட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். அவள் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். நர்சிங் படிக்க ஆசை. அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் உண்டு, மற்றதெல்லாம் எங்களுக்கு எட்டாது. விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் போட வேண்டும் என்றார்கள். அதற்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தது.

அந்த லேப்டாப்பை அப்பா மருந்து ரூமைப் போலத்தான் நடத்தினார். கம்பெனியில் உள்ளே போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கிவிடும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் லேப்டாப்பைத் தொட வேண்டும். செருப்புப் போட்டிருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கும். கரண்டு சாமானுக்குத் தண்ணி ஊத்துவாகளாப்பா என்று அக்கா சிரிப்பாள். இருக்கட்டும் தாயி, இருந்தா என்ன கெட்டுப்போச்சு என்பார்.

அதில் இருந்த பிரவுசரும் லேசுப்பட்டதில்லை. பட்டனை ஒரு தடவை அமுக்கினால் சும்மா இருக்கும், ஐந்து எண்ணிவிட்டு மறுபடி அமுக்கினால் வேலை செய்யும். போட்டோ ஏற்றினால் முதலில் ஏறாது, பின்னால் போய்த் திரும்பி வந்தால் ஏறும். அக்கா அதன் குணமெல்லாம் படித்து வைத்திருந்தாள். மேல்மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி, அப்டேட் பண்ணு என்று முதலில் பச்சையாக வந்தது, அப்புறம் ஆரஞ்சானது, கடைசியில் சிவப்பாகிவிட்டது.

"பாப்பா, அந்தச் சிவப்பு அம்பத் தொட்டுறாத. இத இப்பத்தான் ஒரு வழிக்குக் கொண்டாந்திருக்கேன். விண்ணப்பம் போடுற வரைக்கும் இப்பிடியே கெடக்கட்டும்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

விண்ணப்பத்தைப் பாதி முடித்து வைத்துவிட்டு வருமானச் சான்றிதழுக்காகக் காத்திருந்தாள். அது ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது ஒரு நாள்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. சனிக்கிழமை அதை ஸ்கேன் பண்ண சாத்தூர் கிளம்பினாள். அங்கேயே பிரவுசிங் கடையில் போட்டுவிட்டு வரட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். வீட்டில் சொந்தமாகப் பெட்டி இருக்கும்போது எவனோ ஒரு கடைக்காரனிடம் நம்ம விசயத்தை எதற்குக் காட்ட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அவள் பஸ் ஏறியதும் நான் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அதிலெல்லாம் நான் ரொம்ப ஒழுங்கு. கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ணுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது என்று என் வகுப்புப் பிள்ளை சொல்லியிருந்தாள். போனால், உன் பிரவுசர் பழசு, புதுசு பண்ணிவிட்டு வா என்றது. பொண்ணு அந்த அறிவிப்புக்குப் பின்னால் மங்கலாக நின்றுகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சிவப்பு அம்பை அமுக்கிவிட்டேன். ரொம்ப நேரம் என்னவோ இறங்கியது, அணைந்து திரும்பி வந்தது. அதற்கப்புறம் பொண்ணுக்கு வளையல் போட்டேன், பூ வைத்தேன். அக்கா வருமுன் எல்லாவற்றையும் மூடிவிட்டு நல்ல பிள்ளையாக வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்கா உட்கார்ந்தாள். திறந்ததுமே முகம் சுருங்கியது. பட்டன்கள் இடம் மாறியிருந்தன, எழுத்து வேறு மாதிரி இருந்தது.

"இது எப்ப மாறுச்சு?" என்றாள்.

"தானா மாத்திக்கிடும் போல தாயி" என்றார் அப்பா. நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்கு நழுவினேன்.

கல்லூரிப் பட்டியல் திறக்கவே முக்கால் மணி நேரம் பிடித்தது. சான்றிதழ் ஏறி இறங்கி ஏறியது. ஒருவழியாக மூன்று மணிக்கு அனுப்பு என்கிற பட்டனை அமுக்கினாள். நடுவில் ஒரு வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை வந்து, "போட்டுட்டீகளா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். கால் மணி நேரம் ஆனது. வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. அக்கா மறுபடி அமுக்கக் கையைக் கொண்டுபோனாள். அப்பா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"கைய எடு தாயி! தொடாத!"

அவரைக் குறை சொல்ல முடியாது. முந்தின தீபாவளிக்கு என் சித்தப்பா, பற்ற வைத்தும் வெடிக்காத ஒரு வெடியைக் குனிந்து பார்க்கப் போய் இரண்டு விரலைப் பறிகொடுத்திருந்தார். தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியது அப்பாதான். அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். பற்ற வைத்துவிட்டால் தள்ளி நிற்க வேண்டும், வெடிக்காவிட்டால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். அரை மணி நேரம் யாரும் கிட்டப் போகக்கூடாது.

"இது வெடி இல்லப்பா. மறுபடி அமுக்குனாத்தான் போகும். இல்லாட்டி நான் சாத்தூர் போயி கடையில போட்டுட்டு வந்துர்றேன்."

"சுத்திக்கிட்டுத்தான இருக்கு? உள்ள வேல நடக்கு. பாதியில கைய வச்சு அம்புட்டும் அழிஞ்சு போச்சுன்னா என்ன செய்வ?"

அக்காவுக்கு அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இரண்டு பேரும் சுவரோடு சாய்ந்து, லேப்டாப்புக்கு நாலு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். நானும் அவர்களோடு வட்டத்தைப் பார்த்தபடி இருந்தேன். அரை மணி நேரம் போனது, அப்பா இன்னும் கொஞ்ச நேரம் என்றார். அக்கா உதவி எண்ணுக்கு போன் பண்ணிக்கொண்டேயிருந்தாள். லைன் கிடைக்கவேயில்லை. நாலரை மணி வாக்கில் ஒருவன் எடுத்தான். அப்பாவுக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"புது வெர்ஷன்ல எங்க பக்கம் ஓடாது மேடம். அது எம்புட்டு நேரமானாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். பழைய வெர்ஷன்லதான் போடணும். சிரமத்துக்கு வருந்துறோம்."

அப்பா எழுந்த வேகத்தில் வாளி கவிழ்ந்தது. வண்டியைக் கிளப்பி அக்காவை ஏற்றிக்கொண்டு சாத்தூருக்குப் பறந்தார். ஞாயிற்றுக்கிழமை என்று முதல் கடையைப் பூட்டியிருந்தார்களாம். இரண்டாவது கடையில் எல்லாச் சீட்டிலும் ஆள் இருந்ததாம். அப்பா ஒரு பையனிடம் கும்பிட்டுக் கேட்டு இடம் வாங்கி, பாதி போட்டு வைத்தது அங்கே வராமல் அக்கா மறுபடி முதலிலிருந்து தட்டி முடிப்பதற்குள் ஐந்து தாண்டிவிட்டது. பக்கம் மூடிக்கொண்டது. வீட்டில் நான் ஈரத்தரையில் நின்றுகொண்டு, சார்ஜ் தீர்ந்து அணைகிற வரைக்கும் அந்த வட்டத்தைப் பார்த்தேன். அப்பா சொன்னபடி கிட்டவே போகவில்லை.

"நாந்தான் தாயி கெடுத்தேன். நாந்தான் கெடுத்தேன்." வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கக்கூடச் செய்யாமல் அப்பா இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நெட்டு சரியில்லப்பா. அதுக்கு நீங்க என்ன செய்வீக?" என்றாள் அக்கா. பிறகு உள்ளே வந்து முகம் கழுவிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். துண்டால் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரே நிம்மதி. அக்கா ஊரை விட்டுப் போகமாட்டாள், அவள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. சீ, எப்படித்தான் அப்படி இருந்தேனோ!

அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குள் தீபாவளி சீசன் வந்தது, ஆள் பற்றவில்லை என்று கம்பெனியில் கூப்பிட்டார்கள். சும்மாதானே இருக்கா, இந்த ஒரு சீசனுக்கு மட்டும் வரட்டும் என்று அம்மாதான் பேச்சை எடுத்தாள். அப்பா தலை நிமிரவேயில்லை. அந்த ஒரு சீசன் இன்னும் முடியவில்லை. போன பொங்கலுக்குப் போனபோதும் அவள் கைரேகையெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் ஏறிக் கிடந்தது. அந்தக் கையால்தான் என்னைப் படிக்க வைத்து இந்த வேலைக்கு அனுப்பினாள். சிவப்பு அம்பை அமுக்கியதை நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே போய்விடும்.

முதல் நாள் கம்பெனிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து என்னவோ தேடினாள்.

"இனிமே இது ஒனக்குத்தான் பாப்பா. விளையாடு" என்று என் மடியில் வைத்தாள்.

திரையில் கல்யாணப் பொண்ணு நின்றுகொண்டிருந்தாள். புதுப் பிரவுசரில் பளிச்சென்று, ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. நான் குதித்த குதியைப் பார்த்து அம்மா அதட்டினாள். நாம் போய் வந்த பக்கமெல்லாம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதோடு அந்தப் பெட்டிக்குள் பதிவாகியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இந்த விளையாட்டைப் பற்றி நான் அவளிடம் சொன்னதேயில்லையே, எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் தோன்றவில்லை. பொண்ணுக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று மட்டும் கேட்டேன்.

"ஒனக்குப் பிடிச்சதக் கட்டு" என்றாள் அக்கா.