முதல் இடத்தில் ஒரு வட்டம்

மேல் வீட்டு அக்கா பற்பசை வாங்கினால் விலையைப் பார்க்க மாட்டார், பெயரைப் பார்ப்பார். பெயரின் தோளில் பொடியாக ஒரு வட்டமும் வட்டத்துக்குள் R என்ற எழுத்தும் இருக்கிறதா என்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேடுவார். இருந்தால் கூடைக்குள் போடுவார். இல்லாவிட்டாலும் போடுவார்; ஆனால் "இன்னும் பதிவு பண்ணலை போலிருக்கு, பாவம்" என்று அந்தக் கம்பெனிக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டுத்தான் போடுவார். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கும் எனக்குக் கால் கடுக்கும்.

என் வீட்டுக்கு நேர் மேல் வீடு அவருடையது. குடியிருப்பு முழுவதற்கும் அவர் வட்டக்கா. பேர் வைத்தது அவர் கணவர், மருந்துக்கடைக்காரர். "என் வீட்டுக்காரி" என்று யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் காற்றில் விரலால் ஒரு சின்ன வட்டம் போட்டுக் காட்டுவார். "பதிவு பண்ணின சொத்துங்க" என்பார். அக்கா முறைப்பார். முறைப்பு முடிவதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

பகலில் அக்கா, மருந்து அட்டைப்பெட்டிகள் அச்சிடும் இடத்தில் மெய்ப்புப் பார்க்கிறார். மாலையில் செய்வது சம்பளமில்லாத வேலை. கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்து நடத்துகிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றை, பல ஊர்களில் இருக்கும் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விடுகிறார்கள். அக்காவின் கிழட்டு மடிக்கணினி இனி குப்பைக்குத்தான் என்று ரிப்பேர்க்காரர் கைவிரித்த பிறகு, இதைப் போட்டதும் அது எழுந்து உட்கார்ந்ததாம். நன்றி சொல்ல நினைத்தவர், அதன் வழிகாட்டிப் பக்கத்திலிருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்பினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "சும்மா கிடந்த சங்கை ஊதின கதை" என்பார் மருந்துக்கடைக்காரர்.

புது வெளியீடு வரும்போதெல்லாம் கூடவே ஒரு வழிகாட்டியும் வரும். எந்தக் கம்ப்யூட்டர் சில்லில் ஓடும், உள்ளே செருகுகிற எந்த அட்டையோடு ஒத்துப்போகும், எந்தப் பிரிண்டரோடு சண்டை போடும் என்று விவரமாக இருக்கும். அதில் வருகிற பெயர்களில் பாதி ஏதாவதொரு கம்பெனியின் வர்த்தக முத்திரை. எது யாருடையது, எதற்குப் 'பதிவுபெற்றது' என்கிற வட்டம், எதற்கு வேண்டாம், கடைசிப் பக்கத்து நன்றியுரையில் யாரை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அக்காவின் இலாகா. "ஓசியில கொடுக்கிற சரக்குக்கு இத்தனை பார்க்கணுமா?" என்று ஒருமுறை வாயைக் கொடுத்துவிட்டேன்.

"ஓசிங்கிறதுக்காக அடுத்தவங்க பேரை அள்ளிப் போட்டுக்கலாமா? அவங்க அதை வளர்க்க எவ்வளவு பாடுபட்டிருப்பாங்க. இது இன்னார் வீட்டுப் பேருன்னு முதல் தடவை மரியாதையா சொல்லிடணும். அப்புறம் சகஜமா பேசலாம். மனுஷங்களுக்கே அப்படித்தானே பண்றோம்?"

சிலரிடம் தோற்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் போன வெளியீட்டில் சறுக்கினார். ஒரு பக்கத்தில் தங்கள் பெயருக்கு வட்டம் விட்டுப்போனதாக, கம்ப்யூட்டர் அட்டை தயாரிக்கும் ஒரு கம்பெனியின் வக்கீல் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வெளியீட்டை நடத்தும் 'தலைவரு' ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். சேர்ந்து எழுதும் இவர்களுடைய சங்கத்தின் முகவரியே அவருடைய வீட்டு முகவரிதான். "கேஸ் கீஸ்னு வந்தா அந்த மனுஷன் வாசல்லதானே நோட்டீஸ் ஒட்டுவாங்க!" என்று புலம்பிய அக்கா, தானாகத் தேடி வட்டம் போடும் ஒரு ஸ்கிரிப்டை எழுத வைத்து ஓட விட்டார். பெயர் வந்த இடமெல்லாம் வட்டம், ஒன்று விடாமல். பக்கம் முழுக்க எள் தூவியதுபோல ஆயிற்று. தலைவரு, "இனிமே எவனும் வாயைத் திறக்க முடியாதுக்கா" என்று பாராட்டி எழுதினார்.

அடுத்த வெளியீட்டுக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் கைப்பேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. வாங்கிப்போன ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுக்க அப்போது மாடியேறியிருந்தேன். பேசியவர் கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஆசிரியர். அவருக்கும் பார்வை கிடையாது.

"மேடம், உங்க வழிகாட்டியை எங்க வகுப்புல ஓட விட்டேன். ஒரே ஒரு வரி கேளுங்க."

திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் இயந்திரக் குரல் ஆரம்பித்தது. அட்டையின் பெயரைச் சொன்னது. உடனே "பதிவுபெற்ற வர்த்தக முத்திரை" என்றது. அட்டையைச் செருகச் சொல்வதற்குள் பெயர் மறுபடி வந்தது, மறுபடி "பதிவுபெற்ற வர்த்தக முத்திரை." கண் தாண்டிப் போகிற பொட்டு வட்டம் ஒவ்வொன்றும் காதுக்கு மூன்று சொல்லாக நீண்டது. பின்னணியில் வகுப்பு சிரித்தது. ஒரு கனத்த குரல் கேட்டது: "சார், இது எப்பத்தான் விஷயத்துக்கு வரும்?"

"கேட்டது எங்க லாரிக்காரர், மேடம். சர்க்கரை வியாதியில பார்வை போயிடுச்சு. அவரு மட்டுமில்லை, எல்லாருமே பாதியில தொலைஞ்சு போறாங்க. வழிகாட்டியை இவங்களே காதால கேட்டு, புது வெளியீட்டை இவங்க கையாலேயே கம்ப்யூட்டர்ல ஏத்திக் காட்டணும். காட்டினாத்தான் எங்க பயிற்சி மையத்துல வகுப்பைத் தொடர விடுவாங்க. இல்லேன்னா மூடிடுவாங்க. ஏதாவது பண்ண முடியுமா?"

அக்காவும் முதலில் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டவர், பிறகு சிரிக்கவில்லை. "மரியாதை மரியாதைன்னு சொல்லி, படிக்க வந்தவங்க காதுல மண்ணைப் போட்டிருக்கேனே" என்றார்.

தலைவரைக் கூப்பிட்டார். அவர் மசியவில்லை. "ஒரு வக்கீல்கிட்ட பட்டது போதும்க்கா. வட்டம் இருந்துட்டுப் போகட்டும்." அக்கா கெஞ்சினார், கோபித்தார், வைத்துவிட்டார். கூடத்தில் மாத்திரை அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்த கணவர் தலை நிமிராமல் சொன்னார்: "வக்கீலும் மனுஷங்கதானே. ஃபோன் போட்டுக் கேட்டா கடிச்சா தின்னுடுவாங்க?"

மறுநாள் அக்கா ஃபோன் போட்டார். என்னையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார், தைரியத்துக்காம். என்னுடைய தைரியம் அவருக்குத் தெரியாது. வக்கீல் ஒரு பெண். அக்கா நடந்ததைச் சொல்லி, அந்தக் குரல் செய்தியையும் போட்டுக் காட்டினார். வக்கீல் முழுவதையும் கேட்டார். பிறகு:

"அம்மா, ஒவ்வொரு பக்கத்துலயும் பேர் முதல்ல வர்ற இடத்துல போட்டாப் போதும்னுதானே எழுதியிருந்தேன்? எல்லா இடத்துலயும் யாரு போடச் சொன்னா?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பயத்தில் அக்கா அந்த மின்னஞ்சலில் 'வட்டம் இல்லை' என்பதற்கு மேல் படிக்கவே இல்லை. அசடு வழிந்த முகத்தோடு, தலைவருக்குக் காட்ட அதையே தெளிவாக இன்னொரு முறை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டார். சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. தலைவருக்கு அனுப்பினார். ஒரு கும்பிடு படத்தோடு, "எடுத்துடுங்கக்கா" என்று பதில் வந்தது.

ஸ்கிரிப்டை ஓட விட்டாலே மிச்ச வட்டமெல்லாம் போயிருக்கும். ஆனால் அக்காவுக்கு இப்போது அதன் மேல் நம்பிக்கையில்லை. தன் கண் மேலும் இல்லை. ஆசிரியரிடம் ஃபோனில் பாடம் கேட்டு, படித்துக் காட்டும் மென்பொருளைத் தன் கணினியிலும் ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து வந்த பழக்கம் இது: திரையை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சாம்பார்க் கரண்டியைக் கையில் வைத்திருந்தாலும் வைத்தபடியே, பக்கம் பக்கமாகக் கேட்பார். எங்காவது ஒரு வட்டம் இரண்டாம் முறை பேசினால், "பிடிச்சேன் பாரு!" என்று துள்ளுவார். நன்றியுரையை மட்டும் வேகம் கூட்டாமல், ஒருவர் பெயரையும் விடாமல், நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

வகுப்பில் சோதனை நடந்த அன்று, ஆசிரியர் ஃபோனை மேசைமேல் திறந்து வைத்திருந்தார். இங்கே நாங்கள் மூன்று பேர்: அக்கா, கடையைச் சாத்திவிட்டு வந்த கணவர், நான். அக்கா பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டார். வழிகாட்டியின் குரல் கேட்டது. அட்டையின் பெயர், ஒருமுறை முத்திரை, அப்புறம் நேராக விஷயம். விசைப்பலகைச் சத்தம். இடையில் யாரோ, "சார், அந்த வரியை இன்னொரு தடவை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் நகத்தைக் கடித்தார். என்னுடையதைக் கடித்துக்கொண்டிருந்த நான் அவரைப் பார்த்து நிறுத்திவிட்டு, மறுபடி கடித்தேன்.

திடீரென்று ஒரு புது இயந்திரக் குரல் வணக்கம் சொல்லி, நம் சிஸ்டத்தின் பெயரைச் சொன்னது. அதை அமுக்கிக்கொண்டு அந்தக் கனத்த லாரிக்குரல் எழுந்தது:

"சார்! என் மிஷின் பேசுது சார்!"

அங்கே கைதட்டல் தொடங்கியது. இங்கே அக்கா கண்ணைத் திறக்கவில்லை. வலது கை மட்டும் மெல்ல உயர்ந்து, அந்தக் குரல் வந்த பக்கமாக, காற்றில் ஒரே ஒரு சின்ன வட்டம் போட்டது.