சரோஜா வீட்டு டைல்ஸ்

போன சனிக்கிழமை காலை நான் போனபோது, சரோஜா வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்த வீட்டின் சாவியை அவள் எஸ்டேட் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். கட்டில், பீரோ, சாமி படம், ரைஸ் குக்கர் எல்லாம் வாசலில் நின்ற லாரியில் ஏறிவிட்டன. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றும் லாரி. கோஸ் வாடை வீட்டுக்குள் வரை வந்தது.

"காலி பண்ற வீட்ட யாராச்சும் தொடைப்பாங்களா?" என்றேன்.

"அழுக்கோட குடுத்தா நம்மளத்தான் சொல்லுவாங்க" என்றாள், நிமிராமல். "நீ அங்கயே நில்லு. இன்னும் காயல."

நின்றேன். எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருப்பேன்... ஒரு நாள் நானும் நிற்கத்தானே வேண்டும்.

சரோஜாவும் நானும் கேமரன் மலையில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பெஞ்சு. அவள் அப்பா தேயிலைக்கு மருந்து அடிப்பவர். என் அப்பா ஆபீசில் கிராணி, அதாவது கிளார்க். இந்த ஒரு வித்தியாசம் போதும் அல்லவா? நான் டீச்சரானேன். தானா ராத்தாவில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். கொஞ்சம் முன்னதாகவே ஓய்வு பெற்று, வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கொழுந்து பறிக்கப் போனாள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாரிமுத்துவைக் கட்டிக்கொண்டாள். இப்போது மாரிமுத்துவுக்கு அறுபது. வேலை முடிந்தது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றது எதையும் மாற்றவில்லை.)

எஸ்டேட் வீட்டு விஷயம் வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வாடகை கிடையாது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீட்டையும் விட்டுப் போக வேண்டும். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, உட்கார்ந்து யோசிப்பது வேறு. சாவு வரும் என்றும்தான் நமக்கெல்லாம் தெரியும். யார் யோசிக்கிறோம்?

பத்து வருஷத்துக்கு முன்னால் மாரிமுத்துவுக்கு ஐம்பது வயதானது. சேமநிதியில் ஒரு பகுதியை எடுக்கலாம். தோட்டத்து ஆள் ஒருவர் தன் ஆயுளில் மொத்தமாகக் கையில் வாங்கும் முதல் பணம் அது. சிலர் கார் வாங்குவார்கள். சிலர் மகனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுப்பார்கள். சிலர் கையில் அது எப்படிப் போனதென்றே தெரியாது. மாரிமுத்து குடிக்க மாட்டார், லாட்டரி நம்பர் எடுக்க மாட்டார். நிதானமான மனிதர். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. அதைச் செய்வது என்று முடிவு பண்ணினார்.

டைல்ஸ்.

கூடவே சமையலறையைக் கொஞ்சம் நீட்டுவது, வாசலுக்கு ஒரு கம்பிக் கதவு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். மாரிமுத்து அடுத்தவர் கட்டிய வீட்டிலேயே அதைப் பார்த்துவிடக் கிளம்பினார்.

முறையாகத்தான் செய்தார். மேனேஜரிடம், எங்கள் பேச்சில் துரையிடம், அனுமதி கேட்டார். துரை கடிதம் கொடுத்தார். கடிதம் இங்கிலீஷில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி என் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கையில் கீரைக் கட்டு, ஒரு கையில் அந்தக் கடிதம்.

"இந்த சூராட்ட கொஞ்சம் படிச்சு சொல்லுங்க டீச்சர். துரை என்ன சொல்லியிருக்காரு?"

படித்தேன். நான்கு வரிதான். டைல்ஸ் போடலாம். சமையலறையை நீட்டலாம். கம்பிக் கதவு வைக்கலாம். நான்காவது வரி: செலவு முழுக்க உன்னுடையது, வீட்டை விட்டுப் போகும்போது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், நிர்வாகத்திடம் எதையும் கேட்கக் கூடாது.

அந்த வரி எனக்குப் புதிதல்ல. அப்பா ஆபீசில் அதே வரியைப் பல பேருக்கு டைப் அடித்தவர். டைப் அடித்துக்கொண்டே, சத்தமில்லாமல் மலைக்குக் கீழே தாப்பா டவுனில் எங்களுக்கு ஒரு வீடு வாங்கிப் போட்டவர். வாங்கிய வீட்டைப் பற்றி அவர் லயத்தில் யாரிடமும் பேசியதில்லை.

"சரின்னு சொல்லிட்டாரு அண்ணே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நான்காவது வரியைச் சொல்லவில்லை.

ஏன்? பத்து வருஷமாக இதற்கு நல்ல நல்ல காரணமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் ஒரு காரணம். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. இன்னொரு காரணம் அவ்வளவு அழகில்லை. அடுத்தவர் பணம், நமக்கென்ன என்று இருந்தது. சொன்னால், "அப்ப என்ன செய்யலாம் டீச்சர்?" என்று கேட்பார். உட்கார்ந்து பேச வேண்டும். ரிங்லெட்டில் மலிவு வீடு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அன்று எனக்கு வேறு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகம்கூட இல்லை.

டைல்ஸ் வந்தது. கிரீம் கலர், ஓரத்தில் பிரவுன் கோடு. புது வீடு மாதிரியே பால் காய்ச்சினார்கள். நானும் போனேன். "ரொம்ப அழகா இருக்கு சரோ" என்றேன். அது பொய் இல்லை. அழகாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று — எங்கள் மலைக் குளிருக்கு டைல்ஸ் ஆகுமா? காலையில் கால் வைத்தால் ஐஸ் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருக்கும். ஒரே மாதத்தில் ரூமில், சமையலறையில் எல்லாம் கார்பெட் விரித்தாள். ஹாலில் மட்டும் விரிக்கவில்லை. வீட்டுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"இதுக்கு சிமெண்டே தேவலாம் போலிருக்கே" என்று கேலி பண்ணினேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒனக்குத் தெரியாது கமலா. நீ கிராணி வீட்டுல பொறந்தவ. டவுன்லேந்து வர்றவங்க எங்க வீட்டுக்குள்ள சப்பாத்துக் காலோட வருவாங்க. என் மகளைப் பொண்ணு பார்க்க வந்தவன்கூட சப்பாத்தோட வந்து உக்காந்தான். சிமெண்டு தரைதானே... அவனுக்குக் கழட்டணும்னே தோணல. இப்ப வரச் சொல்லு. கழட்டிட்டுத்தான் வருவான்."



சேமநிதியின் மிச்சம், ஐந்து வருஷம் கழித்து அந்த மகளின் கல்யாணத்துக்குப் போனது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

வாசகர்களே, எனக்கு எழுதுவீர்கள். நகை வாங்கலாமா, இன்சூரன்ஸ் எடுக்கலாமா, வாடகை வீடா சொந்த வீடா என்றெல்லாம். நானும் சளைக்காமல் பதில் எழுதுவேன். சொந்தக் கூரை முக்கியம், ஐம்பது வயதுப் பணத்தைத் தொடாதீர்கள் என்று இதே பத்தியில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! முகம் தெரியாதவர்களுக்குச் சொல்வது எத்தனை சுலபம். கீரைக் கட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு வரியைப் படித்துச் சொல்ல முடியவில்லை.

மாரிமுத்து அந்தக் கடிதத்தை என்ன செய்தார் தெரியுமா? கல்யாண சர்டிபிகேட், மகளின் பிறப்புப் பத்திரம் — இவற்றோடு ஒரே பிளாஸ்டிக் ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தார். துரை கையெழுத்துப் போட்ட காகிதம். வீட்டுக்குச் செலவு பண்ணியதற்கு ஆதாரம். வேலையிலிருந்து போகும்போது காட்டினால் பாதியாவது கொடுப்பார்கள் என்று பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பாதியை வைத்து எங்கேயாவது ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்பது அவர் திட்டம்.

போன மாதம் ஃபைலோடு ஆபீசுக்குப் போனார். இப்போது இருப்பது புதுத் துரை, இளைஞர். கடிதத்தை வாங்கிப் படித்து, நான்காவது வரியைப் பொறுமையாக மலாயில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

மாரிமுத்து நம்பவில்லை.

"பழைய துரை இருந்திருந்தா குடுத்திருப்பாரு டீச்சர். இவன் ஏமாத்துறான். நீங்கதானே படிச்சீங்க? அப்படி ஒண்ணும் இல்லல்ல?" என்று எனக்குப் போன் செய்து கேட்டார்.

"பார்க்கணும் அண்ணே..." என்று இழுத்தேன். இரண்டாவது தடவையும் நான் சொல்லவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

தரை காய்ந்த நேரத்தில், வீட்டைச் சரிபார்க்க ஆபீஸ் கிராணி மோட்டாரில் வந்தான். சின்னப் பையன்தான். கையில் ஒரு ஃபாரம். வாசலுக்கு வந்தவன் தரையைப் பார்த்தான். குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே போனான்.

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

விளக்கு, குழாய், கதவு, ஜன்னல் என்று ஒவ்வொன்றாக டிக் அடித்தான். ஃபாரத்தில் தரை என்ற இடத்தில் சிமெண்டு என்று அச்சடித்தே இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு 'நல்ல நிலை' என்பதில் டிக் அடித்தான்.

மாரிமுத்து கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார்.

"இத மட்டும் கழட்டிக்கிறேன் தம்பி. ரிங்லெட் வீட்டுக்கு வெறும் பலகைக் கதவுதான்."

"முடியாது அங்கிள். செவுத்துல பதிச்சதெல்லாம் இருக்கணும். நான் சொல்றதில்ல லா, மேல சொல்றாங்க."

"நான் வாங்குனது தம்பி."

"தெரியும் அங்கிள்."

ஸ்க்ரூ டிரைவர் சட்டைப் பைக்குள் போனது. கதவை ஒரு தடவை மூடித் திறந்து பார்த்தார். பிறகு போய் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். லாரி கிளம்பும்வரை அவர் இறங்கவில்லை.

ரிங்லெட்டில் கடைவீதிக்குப் பின்னால் இரண்டு ரூம் வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். திங்கள்கிழமையிலிருந்து அவர் ஒரு காய்கறிக் கிடங்கில் தக்காளிப் பெட்டி கட்டப் போகிறார். அறுபது வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக வாடகை. அந்த வீட்டில் தரை சிமெண்டு. நானே போய்ப் பார்த்தேன்.

நீட்டிக் கட்டிய சமையலறையில் சரோஜா தனியாக நின்றபோது, சொல்லிவிட்டேன். முழுக்கச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, நான்காவது வரி, நான் படிக்காமல் விட்டது எல்லாம். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டாள். அது தன் ஜன்னல் இல்லை என்று ஞாபகம் வந்து, திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லிட்டல்ல? அவருகிட்ட சொல்லிடாத" என்றாள்.

"ஏன்?"

"துரை ஏமாத்திட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. கோவத்துல ரெண்டு வாய் சோறு எறங்குது. நீ சொன்னா, நானே மோசம் போயிட்டேன்னு ஆயிடும். அப்புறம் தக்காளிப் பெட்டி கட்ட எழுந்து போவாரா அவரு?"

ஒரு பாவமும் அறியாத புதுத் துரை மேல் பழி. அதை இறக்கி வைக்க எனக்கு உரிமை இல்லை. இதையெல்லாம் இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். "எழுது, அவரு ஃபுட்பால் பக்கத்தத் தவிர எதையும் படிக்கிறதில்ல" என்றாள்.

சாவியைச் சரோஜா கிராணியிடமே கொடுத்துவிட்டாள். லாரி கிளம்பியது. முன்னால் டிரைவரும் மாரிமுத்துவும், ஓரத்தில் சரோஜாவும். வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கை காட்டவில்லை.

திரும்பினால், வீட்டு வாசலில் புதிதாக ஒரு ஜோடி செருப்பு.

அடுத்து குடிவரப் போகிறவன். டிராக்டர் ஓட்டுகிறான். முப்பது வயது இருக்கும். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். உள்ளே மெஷரிங் டேப்பை இழுத்து, சமையலறைச் சுவரை அளந்துகொண்டிருந்தான்.

"டீச்சர்! நல்ல வீடு கெடைச்சிருக்கு டீச்சர், அங்கிள் டைல்ஸெல்லாம் போட்டு வச்சிருக்காரு. இங்க ஒரு கிச்சன் கேபினெட் போட்டா எப்படி இருக்கும்? வைஃபுக்கு ரொம்ப நாளா ஆசை."

இந்தத் தடவை விடுவதாக இல்லை. உட்கார வைத்தேன். சாவி, கடிதம், நான்காவது வரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாரிமுத்து பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அவனுக்குப் புரிந்துவிட்டது. "அந்தக் காசைச் சேர்த்து வைடா, சொந்தமா ஒரு வீடு வாங்கு" என்று முடித்தேன். பத்து வருஷம் தாமதமாக, ஆனால் சரியாகச் சொன்னேன்.

மரியாதையாகக் கேட்டான். தலையாட்டினான். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டான்.

"நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா எத்தனை வருஷம் சேர்த்தாலும் நம்ம காசு வீட்டுக்குப் பத்தாது. கேபினெட்டுக்குப் பத்தும்."

அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்... தப்பு எங்கே என்று தெரியவில்லை.